வடக்குச் சுவரில் அடைத்த வாசல்

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான எண்பத்தொன்பதாம் வருஷம் நான் பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பை முடித்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது என்றதும் அதைச் சுற்றி மனை பிரித்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் பிளான் தேவைப்பட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளான் ஆபீசில் எனக்கு உடனே வேலை கிடைத்தது.

அப்பா எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் உபதேசியார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நின்று ஜெபமாலை சொல்வது, சாமியார் ஊரில் இல்லாத நாளில் பூட்டு சாவியோடு கோயிலைக் காப்பது என்று எல்லாம் அவர் பொறுப்பு. கோயிலுக்குப் பின்னாலேயே உபதேசியார் வீடு. இரண்டு அறை. அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டதால் நானும் அப்பாவும் மட்டும்தான். கோடை விடுமுறையில் மத்தியானங்களில் வீடு கொதிக்கும். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய், பெண்கள் உட்காரும் வலது பக்கத்தில், கடப்பைக் கல் தரையில் வெறும் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன். கண்ணுக்கு நேர் மேலே தேக்கு விட்டங்கள், அதற்கு மேல் மங்களூர் ஓடு. எங்கோ ஓர் ஓடு விலகியிருக்கும். அதன் வழியாக வருகிற வெயில் ஒரு புள்ளியாகச் சுவரில் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

அந்தக் கோயிலை வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் பஞ்ச காலத்தில் கட்டினார் என்பார்கள். கூலியாகக் கம்பும் சோளமும் அளந்து கொடுத்தாராம். முகப்பு கிழக்கே பார்த்து இருக்கும். மூன்று வாசல், நடுவாசலுக்கு மேலே மணிக்கூண்டு. பீடம் மேற்கே. ரோட்டில் நின்று பார்த்தால் கோயில் கூரைக்குப் பின்னால் மலை தெரியும். சன்னல்களெல்லாம் மேலே கூர்ந்து முடிகிற வளைவுகள். சுவர் இரண்டேகால் அடி கனம். கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை என்பதால் தொட்டால் சித்திரையிலும் குளிர்ந்திருக்கும். மழைக்காலத்தில் அதிலிருந்து ஒரு வாசனை வரும். ஈர மண்ணும் மெழுகும் சேர்ந்த வாசனை. அதை எழுத்தில் சொல்ல எனக்கு இன்றுவரை முடியவில்லை.

தாலுகா ஆபீசுக்குப் பிளான் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அங்கே கிளார்க்காக இருந்தவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. நிலத்தை நம்பி வாழ்கிற குடும்பம்; பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு வீட்டு வாசலில் மோர் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டில் முணுமுணுத்தார்கள், அப்புறம் ஏற்றுக்கொண்டார்கள். அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் முன்னால நின்னு ஜெபம் சொல்றவன். எப்படிம்மா நிப்பேன்?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்த அன்று காலை என் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து வாசல்படியில் வைத்திருந்தார். ஜெபமாலையையும் உள்ளே வைத்திருந்தார். நான் பெட்டியை எடுத்தபோது அவர் கோயிலுக்குள் இருந்தார். வெளியே வரவில்லை.

ஆறு வருஷம் ஓடியது. வேங்கிக்காலில் வீடு, ஒரு பெண் குழந்தை, அதே வேலை. கோயில் என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்தான். நான் போகவில்லை. ஆனால் காலை மணிச் சத்தம் காற்று திரும்பும் நாட்களில் வீடு வரைக்கும் கேட்கும். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. கேட்டால் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். 'அப்பா எழுந்துவிட்டார், உடம்பு நன்றாக இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வேன். கேட்காத நாளில் மனசு அலையும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், ஆபீஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்க கோயிலை இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறாங்களாம்மா. ஜனம் ஜாஸ்தியாயிடுச்சு, எடம் பத்தலனு சாமியார் சொல்றாரு. இடிக்கிறதுக்கு முன்னாடி பழைய கோயிலை அப்படியே அளந்து படமா வெச்சிக்கணுமாம். நீதான் போகணும்" என்றார்.

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடிக்கப் போகிறார்கள் என்ற சொல் மட்டும்தான் காதில் இருந்தது.

சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளவயது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "டேப்பைப் பிடிக்க ஆள் வேணும்ல? நம்ம உபதேசியார் இருக்காரு" என்று குரல் கொடுத்தார். அப்பா சக்ரீஸ்திலிருந்து, பூசை உடுப்பு வைக்கும் அந்தச் சின்ன அறையிலிருந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நடை தடுமாறவில்லை. என் கையிலிருந்த நூறடி டேப்பைப் பார்த்தார். பிறகு சாமியாரைப் பார்த்து, "வந்தவங்க எங்கேருந்து ஆரம்பிக்கிறாங்கனு கேளுங்க சாமி" என்றார்.

"கேக்கறது என்ன, நீங்களே கேளுங்க" என்று சிரித்துவிட்டுச் சாமியார் போய்விட்டார்.

நான் டேப்பின் வளையத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு பீடத்துப் பக்கம் நடந்தார்.

ஐந்து நாள் அளந்தோம். முதல் இரண்டு நாள் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு முனையில் அவர் குனிந்து பிடிப்பார், மறுமுனையில் நான் படித்துக் குறிப்பேன். "கொஞ்சம் தூக்குங்க" என்பேன், தூக்குவார். கோயில் எனக்குத் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். அளக்கும்போதுதான் அது வேறொன்றாக இருந்தது. மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துப் பார்த்தால் அளவு சேரவில்லை. தெற்குச் சுவர் வடக்கைவிட நாலு அங்குலம் நீளம். பீடம் இருக்கும் பகுதியும் அதையொட்டிய சுவர்களும்தான் முதலில் கட்டியவை. அங்கே செங்கல் சிறியது, சுவர் கனம் அதிகம். நடுவில் ஒரு இடத்தில் செங்கல் மாறுகிறது. கையில் காசு சேரச் சேர முன்பக்கம் நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மணிக்கூண்டு கடைசியில் வந்தது. அதன் அஸ்திவாரம் கோயிலோடு ஒட்டவே இல்லை, விரல் நுழையும் அளவு விரிசல் மேலிருந்து கீழ் வரை ஓடியது. சிறு வயதில் அந்த விரிசலில் நான் விழுந்த பால்பல்லை ஒளித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வடக்குச் சுவர். உள்ளே அளந்து, வெளியே அளந்து, சன்னல்களைக் குறித்துக்கொண்டு வரும்போது, பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் சுவர் முக்கால் அடி மெலிந்திருந்தது. உள்பக்கம் தெரியாது. வெளிப்பக்கம், புங்கமரம் ஒன்று கிளை சாய்ந்து மறைத்திருந்த இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம் வாங்கியிருந்தது. மேலே வளைவின் தழும்பு. கை வைத்துத் தட்டினேன். சத்தம் மாறியது.

"இங்க ஒரு வாசல் இருந்திருக்கு" என்று எனக்கு நானே சொன்னேன்.

"இருந்துச்சு" என்றார் அப்பா.

ஆறு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

"எதுக்குப்பா இங்க வாசல்? சக்ரீஸ்துக்குத்தான் வேற வழி இருக்கே."

"உள்ள வரக் கூடாதவங்க நிக்கிறதுக்கு. மொற தவறிக் கல்யாணம் கட்டினவங்க, குடிச்சிட்டுக் குடும்பத்த விட்டவங்க. பூசை முடியிற வரைக்கும் வெளிய நின்னு பாப்பாங்க. அந்தக் காலத்துல அப்படி."

டேப் முனையை அவர் இன்னும் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டுதான் இருந்தார். நான் எண்ணைக் குறித்தேன். என்ன குறித்தேன் என்று தெரியவில்லை.

"எங்க அக்கா நின்னுது" என்றார்.

அப்பாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கிணறு வெட்ட வந்த ஆளோடு போய்விட்டாளாம், செங்கம் தாண்டி ஒரு கிராமத்துக்கு. போனவள் வராமல் இருக்கவில்லை. ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பிப் பூசைக்கு வந்து அந்த வாசலில் நின்றிருக்கிறாள். வருஷக்கணக்காக. அப்பாவை உபதேசியாராக வைத்த வருஷம் கோயிலுக்குப் பூச்சு வேலை நடந்தது. அந்த வாசல் வழியாக மழைச் சாரல் அடிக்கிறது, அடைத்துவிடலாமா என்று அப்போதிருந்த சாமியார் கேட்டிருக்கிறார்.

"அடைச்சிடலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா. "ஜெபம் சொல்லும்போது அது நிக்கிறது தெரியும். எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அடைச்ச வாரமும் வந்துச்சு. செங்கல்லப் பாத்துட்டுப் போயிடுச்சு. அப்புறம் வரல."

"நீங்க போய்ப் பாக்கலயா?"

"இல்ல."

மத்தியானம் ஆகிவிட்டது. அவர் வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "செங்கம் பஸ்ஸு எத்தினி மணிக்குனு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நாங்கள் அந்தச் சனிக்கிழமையே போனோம். பஸ்ஸில் சன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கியிருந்தார். அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. அத்தை உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இருந்தாள். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பியா? இவ்ளோ கெழவனாயிட்டியே."

அப்பா நின்றபடியே இருந்தார். "கோயில இடிக்கிறாங்கக்கா" என்றார். அவ்வளவு தூரம் வந்து அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். பிறகு, "அந்த வாசல அடைக்கச் சொன்னது…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்டா. மேஸ்திரி அப்பவே சொன்னான். உக்காரு."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் எப்போதோ ஆறிப்போய், ஆறியதுகூட மறந்துபோன முகம். கடலை உரிப்பதை நிறுத்தாமல் என்னை யார் என்று கேட்டாள். நான் சொன்னேன். என் கல்யாணத்தையும் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்க நின்னு பூசை பாக்கற?"

"நான் போறதே இல்லத்தை."

"போயிருக்கலாம்" என்றாள். "வெளிய நின்னாலும் கொஞ்சம் தெரியும். எனக்குச் சாமியாரு தெரிய மாட்டாரு, பீடம் தெரியாது. எதிர்ச் சன்னல்ல நீலமா ஒரு கண்ணாடி இருக்கும். இந்த மார்கழி, தை மாசத்துல வெய்யிலு அது வழியா வந்து தரையில விழும். நடுப்பூசை மணி அடிக்கும்போது சரியா பீடத்துப் படிக்கட்டுகிட்ட வரும். அது வந்துட்டா சாமி வந்துட்டாருனு நெனச்சிக்குவேன். அதுக்குத்தான் அவ்ளோ தூரம் வருவேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீலக் கண்ணாடியா?"

"ஆமா. உள்ளவே இருந்தவன், நீ பாக்கலயா?"

இடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும்படி அவளைக் கூப்பிட்டோம். அவள் வரவில்லை. முழங்கால் வலி என்றாள். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கடலை கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை பூசை நேரத்துக்கே நான் கோயிலுக்குப் போனேன். ஆறு வருஷம் கழித்து, பூசைக்காக. தெற்குச் சுவரில் பீடத்துப் பக்கச் சன்னல் வழியாக வெயில் வந்து கடப்பைக் கல்லில் விழுந்தது. படிக்கட்டுக்குக் கிட்டேதான் விழுந்தது. ஆனால் வெள்ளை வெயில். அந்தச் சன்னலில் சாதாரணக் கண்ணாடி. எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூசை முடிந்ததும் அப்பா அந்தச் சன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"நாப்பது வருஷம் இதுக்குள்ளயே நின்னேன். நீலம்னு எனக்கு ஞாபகமே வரல" என்றார்.

நான் அளவுகளை முடித்து ஆபீசில் உட்கார்ந்து மூன்று தாளில் படம் வரைந்தேன். தரைப்படம் ஒன்று, முகப்பும் பக்கச் சுவர்களும் ஒன்று, நீளவாக்கில் வெட்டிய படம் ஒன்று. வடக்குச் சுவரில் அந்த வாசலைப் புள்ளிக்கோட்டில் காட்டினேன். கறுப்பு மையில்தான் எல்லாம். தாளைப் பார்த்த சாமியார், "இதென்னம்மா புள்ளி?" என்று கேட்டார். அப்பா குறுக்கே வந்து, "வாசல் சாமி. இருந்துச்சு" என்றார். பிறகு, "இது எம் பொண்ணு" என்றும் சொன்னார்.

சாமியார் விவரம் தெரிந்தவர். நடந்ததை இரண்டு கேள்வியில் கேட்டு வாங்கிக்கொண்டார். "இப்ப அதெல்லாம் கஷ்டம் இல்லம்மா. ஆயர் இல்லத்துல அனுமதி வாங்கினா உங்க கல்யாணத்த கோயில் முறைப்படி மந்திரிச்சிடலாம். அவர் அவரோட சாமிய கும்பிடட்டும், அதுக்குத் தடை இல்ல" என்றார். வீட்டில் கேட்டேன். "உனக்கு வேணும்னா எனக்கென்ன, எங்க நிக்கணும்னு சொல்லு" என்றார் என் கணவர். அன்றே மனு எழுதிக் கொடுத்தோம்.

எனக்கு அப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பழைய கோயிலில், நடுவாசல் வழியாக, அந்தக் கடப்பைக் கல்லில் நடந்து பீடம் வரை போக வேண்டும். சிறுபெண்ணாய் இருந்தபோது ஆளில்லாத மத்தியானங்களில் எத்தனையோ முறை நடந்து பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதில் தாவணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு நடந்து, அப்பா சாவிக்கொத்தோடு வரும் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன். அடி அளவுகூட இப்போது எனக்குத் தெரியும். தபாலைக் கேட்டு வாரத்துக்கு இரண்டு முறை போனேன். வரவில்லை. கோடை தாண்டினால் மழை வந்துவிடும் என்று காண்ட்ராக்டர் அவசரப்படுத்தினார். ஓடு இறக்கும் வேலை தொடங்கிவிட்டது. மூன்றாம் நாள் விட்டங்களை இறக்கினார்கள். சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. அதையும் ஒரு வாரத்தில் முடித்தார்கள்.

அனுமதிக் கடிதம் அதற்கடுத்த புதன்கிழமை வந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில்தான் அப்போது பூசை நடந்தது. பெஞ்சுகளை ஓரத்தில் அடுக்கி, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, அங்கே எங்களுக்கு மந்திரித்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. சாட்சியாக அப்பா கையெழுத்துப் போட்டார். என் மகள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவர் குனிந்து பார்த்து அவள் கையில் விரலைக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள். சந்தோஷமும் இருந்தது. ஆனால் நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் இருந்த இடத்தில் செங்கல் குவியலும், அதற்கு அந்தப் பக்கம் இதுவரை அந்த இடத்திலிருந்து தெரியாத வீடுகளின் பின்புறமும் தெரிந்தன.

அன்று மத்தியானம் அப்பா முதல்முறையாக வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அதற்கப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். என்னிடம் அவர் எதற்கும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தையைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை அவர் தனியாகச் செங்கம் பஸ் ஏறுவார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். புதுக் கோயிலுக்குத் தளம் போட்ட வருஷம் அவர் இறந்தார். அவரையும் அந்தப் பள்ளிக்கூட ஹாலிலிருந்துதான் எடுத்துப் போனோம்.

புதுக் கோயில் நன்றாகவே இருக்கிறது. நடுவில் தூணே இல்லாத பெரிய கான்கிரீட் கூடம், இரண்டு மடங்கு ஜனம் உட்காரலாம், மின்விசிறி வரிசையாக ஓடுகிறது. நான் இப்போது ஞாயிறு தவறாமல் போகிறேன். வரிசையில் போய் அப்பம் பெற்று நன்மை வாங்குகிறேன். என்னை வெளியே நிற்கச் சொல்வார் யாரும் இல்லை. என் மகளுக்கு இதுதான் கோயில். அவளுக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

பூசை நடுவில் சில சமயம் கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி என்று மகள் நினைப்பாள். நான் தேடுவது ஒரு வைகாசி மத்தியானத்தை. கதவுகள் சாத்தியிருக்க வேண்டும். தரை முதுகில் சில்லென்று பட வேண்டும். எங்கோ பீடத்துப் பக்கம் அப்பா பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்க வேண்டும். தரை வருகிறது, சத்தமும் வருகிறது. அவர் என்னை இன்னும் பார்க்கவில்லை, தேய்த்துக்கொண்டே மெல்லிய குரலில் ஏதோ பாடுகிறார். பாட்டு மட்டும் எது என்று பிடிபட மாட்டேன் என்கிறது. கூர்ந்து கேட்பதற்குள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.